செம்மலை உச்சியில் ஓர் இரும்பு மாதிரி

மாதிரி பார்க்காமல் சரக்கு எடுப்பவர் நம்மில் யாரும் இல்லை. துவரம் பருப்பானாலும் மல்லியானாலும், மூட்டையில் குத்தூசி போட்டு, ஒரு கை எடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்த பிறகுதான் விலை பேசுகிறோம். உள்ளங்கை அளவு மாதிரி, லாரி அளவு சரக்குக்குச் சாட்சி சொல்கிறது. இது நம் தொழிலின் பாலபாடம்.

ஆனால் ஓர் ஊர் வணிகர்கள் தங்கள் ஊர்ச் சரக்குக்கு 56 அடி உயரத்தில், 45 டன்னுக்கும் மேற்பட்ட எடையில் ஒரு மாதிரி செய்து உலகப் பொருட்காட்சிக்கு அனுப்பினார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். 1904ஆம் ஆண்டில் அனுப்பிய அந்த மாதிரி இன்றும் அந்த ஊர் மலை மீது நிற்கிறது. வார்ப்பிரும்பால் ஆன சிலைகளில் உலகிலேயே பெரியது அதுதான். ஊர், அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்ஹாம். சிலையின் பெயர் வல்கன்.

இந்த இதழில் இதை எழுதக் காரணம் உண்டு. நமது சங்கங்கள் பலவும் வெள்ளிவிழா, பொன்விழா, வைரவிழா காணும் காலம் இது. விழா என்றால் உடனே ஒரு பேச்சு எழும். "நம் ஊர்த் தொழிலின் பெருமையைச் சொல்லும்படி ஒரு சின்னம் வைத்தால் என்ன?" என்பார் ஒருவர். நுழைவு வளைவு என்பார் இன்னொருவர். மணிக்கூண்டு என்பார் மற்றொருவர். நல்ல எண்ணந்தான். அந்த எண்ணத்தை நமக்கு முன்பே எண்ணி, செய்து காட்டி, அதில் உள்ள நன்மை தீமை இரண்டையும் நூறு ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்து முடித்த வணிகர் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது நமக்கு லாபம்.

ரயில் பாதை கூடிய இடத்தில் முளைத்த ஊர்

பர்மிங்ஹாம் பழைய ஊர் அல்ல. கோட்டை, கோயில், ஆற்றங்கரை என்று எதுவும் இல்லை. இரண்டு ரயில் பாதைகள் கூடும் இடம் என்பதற்காக 1871ஆம் ஆண்டில் ஒரு நிலக் கம்பெனி மனை பிரித்து விற்று உண்டாக்கிய ஊர். இங்கிலாந்தின் இரும்புத் தொழில் நகரமான பர்மிங்ஹாமின் பெயரை, ஊர் வளர்வதற்கு முன்பே சூட்டிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் காலராவும் பணமுடையும் சேர்ந்து வந்து ஊரைக் கலைத்துவிடப் பார்த்தன. ஆனாலும் ஊர் நின்றது.

நின்றதற்குக் காரணம் மண். இரும்பு உருக்க மூன்று பொருள் வேண்டும்: இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல். மற்ற ஊர்களில் ஒன்று இருந்தால் மற்றொன்றைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். பர்மிங்ஹாமில் மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே கிடைத்தன. ஊரின் தென்புறத்து மலைக்கு ரெட் மவுண்டன், அதாவது செம்மலை என்றே பெயர். தாதுவின் நிறம் மலைக்கு ஏறியிருக்கிறது. கொள்முதல் செய்யும் இடமும் உற்பத்தி செய்யும் இடமும் ரயிலடியும் ஒரே ஊரில் அமைந்தால் எப்படி இருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. வண்டிச் சத்தம் மிச்சம். அது அத்தனையும் ஆதாயம்.

ஜேம்ஸ் ஸ்லாஸ் என்பவர் நிறுவிய ஊது உலை 1882இல் இரும்பு ஊற்றத் தொடங்கியது. உலைகள் பெருகின. 1880இல் மூவாயிரம் பேர் இருந்த ஊரில் 1900இல் முப்பத்தெட்டாயிரம் பேர் ஆனார்கள். மந்திரம் போட்டது போல் வளர்ந்ததால் 'மந்திர நகரம்' என்றே பெயர் வந்துவிட்டது.

ஒரு குறையும் இருந்தது. செம்மலைத் தாதுவில் பாஸ்பரஸ் கலந்திருந்தபடியால், அந்தக் கால முறையில் அதிலிருந்து நல்ல எஃகு செய்வது எளிதாக இல்லை. ஆனால் அச்சில் ஊற்றி வார்க்க அந்த இரும்பு மிகவும் ஏற்றது. குழாய், அடுப்பு, இயந்திர பாகம் என்று வார்ப்படச் சரக்குக்குத்தான் பர்மிங்ஹாம் பேர் வாங்கியது. தன் சரக்கு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்து வைத்திருப்பவன்தான் வியாபாரி. இதை நினைவில் வைத்துக் கொண்டால் அடுத்து நடந்தது நன்கு விளங்கும்.

சங்கம் எடுத்த முடிவு

1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடத்த ஏற்பாடாயிற்று. ஊருக்கு ஊர் தன் சரக்கைக் கொண்டுபோய் வைக்கும் இடம் அது. பர்மிங்ஹாமின் வணிகர் மன்றம் 1903இல் கூடிப் பேசியது. ஒரு மேஜை போட்டு இரும்புத் துண்டுகளை அடுக்கி வைத்தால் யார் நின்று பார்ப்பார்கள்? மாநிலப் பொருட்காட்சியை நடத்தி வந்த ஜேம்ஸ் மக்நைட் என்பவர் ஒரு யோசனை சொன்னார். அந்த ஊர் இரும்பாலேயே ஒரு பெரிய சிலை செய்து நிறுத்துவது என்பதே அந்த யோசனை.

யாருடைய சிலை? அரசர் சிலையா, தளபதி சிலையா? இல்லை. ரோமர்களின் பழங்கதைகளில் வரும் வல்கன் என்ற கொல்லர் தெய்வம். நெருப்புக்கும் உலைக்களத்துக்கும் அதிபதி. மற்ற தேவர்கள் அழகர்கள். வல்கன் கால் ஊனமுற்றவர், கரி படிந்தவர், உழைப்பவர். இரும்பு ஊருக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்காது.

நியூயார்க்கில் இருந்த இத்தாலியச் சிற்பி ஜுசெப்பே மொரெட்டி என்பவரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. கையில் இருந்த அவகாசமோ சில மாதங்களே. 56 அடி உருவத்துக்குச் சாதாரணக் கூடம் போதாது. நியூ ஜெர்சி மாநிலத்தில் பசாயிக் என்ற ஊரில் கட்டி முடிக்கப்படாமல் இருந்த ஒரு தேவாலயத்துக்குள் களிமண்ணில் உருவம் செய்தார். அதைப் பிளாஸ்டரில் எடுத்துப் பகுதி பகுதியாக ரயிலில் பர்மிங்ஹாமுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் மக்வேன் என்பவரின் பொறுப்பில் இருந்த பவுண்டரி, ஊர் இரும்பை உருக்கி ஒவ்வொரு பாகமாக வார்த்தது. தலை மட்டுமே ஏறத்தாழ ஐந்து டன்.

பெரிய சிலை என்றால் வெண்கலம் என்பதுதான் அன்றைய வழக்கம். பர்மிங்ஹாம் வணிகர்கள் வெண்கலம் வாங்கப் போகவில்லை. தாங்கள் எதை விற்கிறோமோ அதிலேயே செய்தார்கள். எங்கள் இரும்பு எவ்வளவு பெரிய அச்சிலும் ஓடி நிறையும், எவ்வளவு நுணுக்கமும் பிடிக்கும் என்பதை வாயால் சொல்லாமல் பொருளால் சொன்னார்கள். இதுதான் உண்மையான மாதிரி.

பணத்துக்கு வணிகர் மன்றமே பொறுப்பேற்றது. சந்தா பிரித்தார்கள். சின்னச் சின்ன வல்கன் பொம்மைகள் செய்து விற்றார்கள். நம் ஊர்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பள்ளிக்கூடமும் சத்திரமும் கட்டிய பெரியவர்களை அறிந்த நமக்கு இது புதிதல்ல. தனி ஒருவர் பணத்தில் வைத்த சிலை அவர் சிலை. பலர் கொடுத்து வைத்தது ஊர்ச் சிலை.

பரிசு வந்தது, வாடகை பாக்கி நின்றது

பொருட்காட்சி 1904 ஏப்ரல் 30 அன்று திறந்தது. வல்கன் அப்போது முழுமையாக நிற்கவில்லை. ஜூன் 7 அன்றுதான் முறைப்படி திறப்பு நடந்தது. தாமதமானாலும் வந்த நோக்கம் நிறைவேறியது. ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் வந்து போன பொருட்காட்சி அது. சுரங்கத் தொழில் கூடத்தில் இடது கையில் சம்மட்டியும், உயர்த்திய வலது கையில் அப்போதுதான் அடித்து முடித்த ஈட்டி முனையுமாக நின்ற வல்கனுக்கு முதன்மைப் பரிசு கிடைத்தது. பர்மிங்ஹாம் இரும்பின் பேர் பரவியது.

இதுவரை எல்லாம் நலம். இனிதான் நமக்குப் பாடம்.

பொருட்காட்சி முடிந்து 1905இல் சிலையைக் கழற்றி ரயிலில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். லாரி ஆபீசில் 'டு பே' போட்டு வரும் சரக்கை நாம் அறிவோம். வாடகை கட்டினால்தான் சரக்கு வெளியே வரும். ரயில் வாடகையைக் கட்ட யாரும் முன்வரவில்லை. போகும்போது இருந்த வேகம் திரும்பும்போது இல்லை. வாடகை பாக்கிக்காக, உலகப் பரிசு பெற்ற சிலையின் தலையும் கையும் காலும் செம்மலை அருகே தண்டவாள ஓரத்தில் இறக்கிப் போடப்பட்டன. அங்கேயே மழையிலும் வெயிலிலும் கிடந்தன.

எவ்வளவு பெரிய காரியம் செய்தவர்கள்! சில மாதங்களில் உலகமே வியக்கும் சிலையை வார்த்தவர்களிடம், அது திரும்பி வந்தால் எங்கே நிறுத்துவது, யார் செலவில் நிறுத்துவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்து, சமையல்காரர் பேசி, மேளம் சொல்லி, மணமக்கள் குடியிருக்க வீடு பார்க்க மறந்தது போலத்தான்.

கையில் ஐஸ்கிரீம்

பிறகு மாநிலப் பொருட்காட்சித் திடலில் ஓர் இடம் கொடுத்தார்கள். அங்கே பொருத்தியதும் சரியாக இல்லை. கைகளை மாற்றித் திருப்பிப் பொருத்திவிட்டார்கள். ஈட்டி முனையைப் பிடிக்க வேண்டிய கை அதைப் பிடிக்க முடியாமல் நின்றது. ஈட்டி முனையும் காணாமல் போயிற்று. இன்னொரு கைக்கு மரக்கட்டையால் முட்டுக் கொடுத்தார்கள்.

வெறுங்கையுடன் 56 அடி உயரத்தில் ஒருவர் நின்றால் விளம்பரக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு காலத்தில் கையில் ஐஸ்கிரீம் கூம்பு வைத்தார்கள். ஒரு காலத்தில் ஊறுகாய் விளம்பரம். ஒரு காலத்தில் கோக்கோ கோலா பாட்டில். நெருப்புக்கு அதிபதியான தெய்வம், குளிர்பானம் ஏந்தி நின்ற வேடிக்கையை என்னென்பது! இப்படி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடின.

விளம்பரத்தைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை. பலகை இல்லாமல் கடை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வல்கனும் முதலில் விளம்பரந்தான். ஆனால் அது ஓர் ஊரே சேர்ந்து தன் சரக்கைப் பற்றிச் செய்த விளம்பரம். ஐஸ்கிரீம் கூம்பு ஒரு கடையின் விளம்பரம். ஊர்ப் பொதுவில் வைத்ததைப் பராமரிக்க ஊருக்கு மனமில்லாவிட்டால், அது தனியார் பலகை மாட்டும் கம்பமாகிவிடுகிறது. நம் பேருந்து நிலையங்களிலும் முச்சந்திகளிலும் நன்கொடையாளர் பேர் மட்டும் பெரிதாகத் தெரிந்து, தண்ணீர் வராத தண்ணீர்ப் பந்தல்களை நாம் பார்த்ததில்லையா?

மலையேறிய வல்கன்

வல்கனை மீட்டவர்களும் வணிகர்களே. 1930களில் ஊரின் கிவானிஸ் சங்கத்தார் இந்த அவல நிலையைப் பேசிப் பேசி ஊரைத் தட்டி எழுப்பினார்கள். கடைக்காரர்களும் தொழில் செய்பவர்களும் சேர்ந்து நடத்தும் சேவைச் சங்கம் அது. நாடு முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். வேலை கொடுப்பதற்காக மத்திய அரசு நடத்திய பணித் திட்டத்தில் இதையும் சேர்த்தார்கள். முன்பு தாது வெட்டிய சுரங்கம் இருந்த செம்மலை உச்சியிலேயே இடம் கிடைத்தது. உள்ளூர் மணற்கல்லால் 124 அடி உயரப் பீடம் எழுப்பி, அதன் மேல் வல்கனை நிறுத்தினார்கள். பூங்கா 1939இல் திறக்கப்பட்டது. தாது எந்த மலையிலிருந்து வந்ததோ அந்த மலைக்கே இரும்பு திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

1946இல் மற்றொரு வணிகர் அமைப்பு வந்தது. ஊரின் இளம் வணிகர் மன்றம், வல்கனின் உயர்த்திய கையில் ஈட்டி முனைக்குப் பதிலாக ஒரு விளக்கை வைத்தது. ஊரில் சாலை விபத்தில் உயிர்ச்சேதம் இல்லாத நாட்களில் பச்சை எரியும். யாராவது இறந்துவிட்டால் ஒரு நாள் முழுவதும் சிவப்பு எரியும். ஊர் முழுவதற்கும் தெரியும் உயரத்தில், இரவில் வண்டி ஓட்டிப் போகிறவர் ஒவ்வொருவரும் அந்த நிறத்தைப் பார்த்தபடியே போனார்கள். சிற்பி நினைத்தது அதுவல்ல என்பது உண்மை. ஆனால் ஐஸ்கிரீமுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! ஒரு சின்னத்தை ஊர் தன் அன்றாட வாழ்க்கையில் சேர்த்துக் கொண்டது அப்போதுதான். 1999 வரை அந்த விளக்கு இருந்தது.

வல்கனின் உடை பற்றியும் சொல்ல வேண்டும். கொல்லர் அணியும் முன்றானை போன்ற தோல் மட்டுமே முன்பக்கம். பின்பக்கம் ஒன்றும் இல்லை. மலைக்குத் தெற்கே உள்ள ஹோம்வுட் ஊர்க்காரர்களுக்குக் காலை எழுந்ததும் அந்தப் பின்புறத் தரிசனந்தான். அதைக் கேலி செய்து பாட்டே கட்டியிருக்கிறார்கள். ஊர் தன் சின்னத்தைக் கேலி செய்கிறது என்றால், அது தன் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது என்று அர்த்தம்.

உள்ளே ஊற்றிய கான்கிரீட்

மலை மேல் காற்று பலம். சிலை அசையாமல் நிற்க வேண்டும் என்று 1930களில் பொருத்தியபோது தோள் வரை உள்ளே கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள். அன்றைக்கு அது கெட்டி வேலை என்று தோன்றியிருக்கும். ஆனால் வெயிலுக்கு இரும்பு விரியும் அளவு வேறு, கான்கிரீட் விரியும் அளவு வேறு. மழைநீரும் உள்ளே இறங்கியது. அறுபது ஆண்டுகளில் இரும்பு வெடித்தது. கிடங்குச் சுவர் விரிசலுக்கு மேலே மட்டும் சிமெண்டு பூசிவிட்டு, பிறகு மூட்டைகள் நனைந்த பின் கையைப் பிசைந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

1971இல் நடந்த வேலையில் மணற்கல் பீடத்தின் மேல் சலவைக்கல் போர்த்தி அழகு செய்தார்கள். உள்ளே இருந்த கான்கிரீட்டைத் தொடவில்லை. கடைசியில் 1999இல் பூங்காவை மூடி, சிலையைப் பாகம் பாகமாகக் கழற்றி, அதே மாநிலத்தில் அலெக்சாண்டர் சிட்டி என்ற ஊரில் உள்ள பவுண்டரிக்குக் கொண்டுபோனார்கள். கான்கிரீட்டை எடுத்தார்கள். உள்ளே எஃகுச் சட்டம் கட்டினார்கள். கெட்டுப்போன பாகங்களைப் புதிதாக வார்த்தார்கள். காணாமல் போன ஈட்டி முனையையும் வார்த்து வலது கையில் கொடுத்தார்கள். சலவைக்கல்லை உரித்துப் பழைய மணற்கல்லை வெளியே கொண்டுவந்தார்கள். 2003இல் சிலை மீண்டும் பீடம் ஏறியது. 2004இல், பிறந்து நூறு ஆண்டு நிறைந்தபோது, பூங்கா திறந்தது. செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர். சிற்பி மொரெட்டிக்கு 1904இல் கொடுத்த கூலி 6,000 டாலர் என்பதை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பண மதிப்பு மாறியதைக் கழித்தாலும், வைப்பதைவிடக் காப்பது எத்தனை மடங்கு என்று தெரியும்.

ஆனால் இந்த முறை பழைய தவறு நடக்கவில்லை. சிலையையும் பூங்காவையும் கவனிப்பதற்கென்றே தனி அறக்கட்டளை ஒன்றை அமைத்துக் கொண்டார்கள். பக்கத்திலேயே ஒரு காட்சியகமும் வைத்து, ஊரின் இரும்புத் தொழில் வரலாற்றைச் சொல்கிறார்கள்.

பேரேட்டின் மறுபக்கம்

வரவு மட்டும் எழுதிய பேரேடு கணக்காகாது. பற்றும் எழுத வேண்டும். பர்மிங்ஹாமின் பற்றுப் பக்கம் கனமானது.

அந்த இரும்பு மலிவாகக் கிடைத்ததற்கு மண் மட்டும் காரணம் அல்ல. அலபாமா மாநில அரசு, சிறைக் கைதிகளைச் சுரங்க முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் நடந்த ஏற்பாடு இது. கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பலர் அற்பக் குற்றங்களுக்காகப் பிடிபட்டவர்கள். 1911 ஏப்ரலில் பர்மிங்ஹாம் அருகே பேனர் சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 128 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிக் குத்தகைக்கு விடப்பட்ட கைதிகள். சில நாள் தண்டனை முடிந்தால் வீடு திரும்ப வேண்டியவர்களும் அதில் இருந்தார்கள். அந்த மாநிலம் இந்தக் குத்தகையை 1928இல்தான் ஒழித்தது. அமெரிக்காவிலேயே கடைசி மாநிலம் அதுதான். ஸ்லாஸ் உலையிலும் கடினமான கூலி வேலை பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்களுடையது. குளிக்கும் இடம் முதற்கொண்டு வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி.

இந்தப் பாகுபாடு கடைத்தெரு வரை வந்தது. 1963ஆம் ஆண்டு, ஈஸ்டர் பண்டிகை வியாபார நேரத்தில், கறுப்பின மக்கள் ஊர் நடுவே உள்ள கடைகளில் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். பணம் கொடுக்கும்போது வாங்கிக் கொள்ளும் கடை, உட்கார்ந்து சாப்பிட இடம் தராது. துணியைப் போட்டுப் பார்க்க அறை தராது. கவுண்டரில் வேலையும் தராது. இதை எதிர்த்து ஊர்வலம் போன சிறுவர் சிறுமியர் மீது காவல்துறை நாய்களை ஏவியது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. உலகமே படத்தில் பார்த்தது. கடைசியில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர்கள் கடைக்காரர்கள். மே 10 அன்று உடன்பாடு அறிவிக்கப்பட்டது. சாப்பாட்டு மேஜையும், துணி அறையும், தண்ணீர்க் குழாயும் எல்லோருக்கும் பொது என்றும், கறுப்பினத்தவரையும் விற்பனை வேலைக்கு எடுப்பது என்றும் ஒப்புக் கொண்டார்கள். அதற்குப் பிறகும் அந்த ஊர் கொடிய நாட்களைக் கண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள்.

இவற்றையும் அந்த ஊர் மறைக்கவில்லை என்பதே நாம் சொல்ல வந்தது. ஊர்வலங்கள் நடந்த கெல்லி இங்ரம் பூங்காவில் 1992 முதல் சிற்பங்கள் நிற்கின்றன. பாய்ந்து வரும் நாய்களும், தண்ணீர் பீய்ச்சும் குழல்களும், சிறைக்குப் போகும் பிள்ளைகளும் அங்கே உருவமாக இருக்கிறார்கள். நாய்கள் பாயும் சிற்பங்களின் நடுவே நடந்துதான் பாதையைக் கடக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது நாம் இரண்டையும் பார்த்தோம். மலை மேல் நின்று ஊரைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. பூங்காவில் நடந்தபோது பேச்சு வரவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஊர் என்று தோன்றியது.

உலை அணைந்த பிறகு

ஸ்லாஸ் உலை 1971இல் அணைந்தது. இடித்துப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஊர் மக்கள் விடவில்லை. 1981இல் அது நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1983இல் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே இரும்பை உருக்கி வார்க்கக் கற்றுக் கொடுக்கிறார்கள். இன்று அந்த ஊரில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது உலை அல்ல. பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும்தான். ஆனாலும் வல்கனை வார்த்த மக்வேன் பின்னர் 1921இல் தொடங்கிய குழாய் வார்ப்பு நிறுவனம் இன்றும் அந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்டே நடக்கிறது.

தொழில் ஓர் ஊரில் என்றென்றும் நிற்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. நம் கண்ணெதிரே எத்தனை மண்டிகள், எத்தனை எண்ணெய்ச் செக்குகள், எத்தனை பஞ்சாலைகள் மூடப்பட்டன! தொழில் போன பிறகு அதைச் சொல்ல ஒரு செங்கல் கூட மிஞ்சாத ஊர்களும் உண்டு. ஆகவே சின்னம் வேண்டும் என்பதே நமது கட்சி. ஆனால் வைப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, அது எதனால் ஆனது? நம் ஊர்த் தொழிலோடு ஒட்டாத, எந்த ஊரிலும் வைக்கக்கூடிய சிமெண்டுப் பொம்மையால் பயனில்லை. உப்பு ஊர் உப்பளத்தைச் சொல்லட்டும். நெசவு ஊர் தறியைச் சொல்லட்டும். மூடிய செக்கில் ஒன்றைத் துடைத்து நிறுத்தினாலும் அது நிஜ மாதிரி.

இரண்டாவது, திறப்பு விழா முடிந்த மறுநாள் முதல் அதற்கு யார் பொறுப்பு? வசூலாகும் தொகையில் ஒரு பகுதியை வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் வெள்ளையடிப்பும் விளக்கும் நடக்கும்படி செய்யாமல் அடிக்கல் நாட்டக் கூடாது. மாலை போட ஆள் கிடைப்பார்கள். காய்ந்த மாலையை எடுக்க ஆள் வைக்க வேண்டும்.

மூன்றாவது, கல்வெட்டில் யார் யார் பேர்? தலைவர், செயலாளர், பொருளாளர் பேர் இருக்கட்டும். மூட்டை தூக்கியவர், புடைத்தவர், வண்டி ஓட்டியவர், கணக்கு எழுதியவர் இவர்களையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். யார் முதுகில் நம் சரக்கு ஏறியது என்பதைச் சொல்லாத சின்னம் பாதிக் கணக்கு. அந்தப் பாதியை எழுத பர்மிங்ஹாமுக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நாம் அத்தனை காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வணிகப் பெருமக்களே! அடுத்த பொதுக்குழுவில் நினைவுச் சின்னம் என்ற பேச்சு வரும்போது, இந்த மூன்று கேள்விகளையும் பதில்களோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.